பகடை உருட்டினால் வரும் சாமி

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் கட்டி ஆடும் எங்கள் கதையாட்டத்தில் கிளெரிக், அதாவது தெய்வத்தின் சக்தியால் மந்திரம் போடும் பூசாரி, வேடம் கட்டியிருந்த நண்பன் ஒரு நாள் தன் தெய்வத்தைக் கூப்பிட்டான். அவனுடைய தெய்வம் ஓர் ஆற்று அம்மன். ஆட்டத்தை நடத்தும் டி.எம். நான்தான், அந்த அம்மனை உருவாக்கியதும் நான்தான். குழுவுக்கு வழிகாட்டியாக வந்த சிறுவன் விஷ அம்பு பட்டுக் கிடக்கிறான். குணப்படுத்தும் மந்திரமெல்லாம் முந்தைய சண்டையிலேயே தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்தது மன்றாடல் மட்டும்தான்.

நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதன் 2014 விதிப்புத்தகப்படி, பத்தாவது லெவலை எட்டிய கிளெரிக் தன் தெய்வத்தை நேரடியாகத் தலையிடும்படி வேண்டலாம். ஒன்றிலிருந்து நூறு வரை எண் வரும்படி பகடை உருட்ட வேண்டும். தன் லெவலுக்குச் சமமாகவோ அதற்குக் கீழாகவோ விழுந்தால் தெய்வம் வரும். அதாவது பத்தாவது லெவலில் நூற்றுக்குப் பத்து வாய்ப்பு. வந்துவிட்டால் அப்புறம் ஏழு நாளைக்குக் கூப்பிட முடியாது. வராவிட்டால், நன்றாகத் தூங்கி எழுந்து மறுபடி மன்றாடலாம்.

பகடையில் அறுபத்துச் சொச்சம் விழுந்தது. சிறுவன் செத்துப்போனான்.

அதன் பிறகு நடந்ததற்கு எந்தப் புத்தகத்திலும் விதி கிடையாது. நண்பனின் கிளெரிக் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, “ஏன் வரல?” என்று கேட்டான். டி.எம். என்ற முறையில் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த அமர்வில் குழு ஒரு பாலத்தைக் கடக்க வேண்டியிருந்தது. இவன் பாலத்தில் காலை வைக்க மறுத்துவிட்டான். அம்மன் பதில் சொல்கிறவரைக்கும் எந்த ஆற்றையும் இறங்கித்தான் கடப்பேன் என்றான். “டேய், தண்ணி கழுத்தளவு இருக்கு, பேசாம பாலத்துல வாடா” என்று திருடன் வேடக்காரன் கத்தினான். கேட்கவில்லை. நனைந்த பை, ஊறிப்போன வரைபடம், அடித்துக்கொண்டு போன ஒரு கவசம் என்று அந்த விரதத்துக்கு முழுக் குழுவும் விலை கொடுத்தது. கொஞ்ச நாளில் திருடனும் ஆற்றில் இறங்கி நடக்க ஆரம்பித்தான். ஏன் என்று கேட்டால் தோளைக் குலுக்கினான்.

எங்கள் ஆட்டத்துக்குள் மதம் என்று ஒன்று உண்மையாகவே நுழைந்தது அன்றைக்குத்தான். அதுவரை இருந்தது கோயில்களின் பெயர்ப்பட்டியல்.

2024இல் வந்த புதிய விதிப்புத்தகம் இந்தப் பகடையை எடுத்துவிட்டது. பத்தாவது லெவல் கிளெரிக் மன்றாடினால், ஐந்தாம் நிலை வரையுள்ள கிளெரிக் மந்திரங்களில் விரும்பிய ஒன்று செலவில்லாமல் நிச்சயம் பலிக்கும். விளையாட்டாகப் பார்த்தால் நல்ல திருத்தம். பத்து சதவீதத்தை நம்பி ஒரு சக்தியை வைத்திருப்பது ஆடுகிறவருக்கு எரிச்சல்தான். ஆனால் எங்கள் ஆற்று அம்மன் அந்த விதியின்படி அன்றைக்கு வந்திருப்பாள், சிறுவன் பிழைத்திருப்பான், எல்லோரும் பாலத்தின் மேல் நடந்து போயிருப்போம். கூப்பிட்டால் தவறாமல் வருகிற தெய்வத்துக்கு யாரும் விரதம் இருக்க மாட்டார்கள்.

கற்பனை உலகங்களின் சாமிகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என்னைச் சுற்றிவருவது இந்த விஷயம்தான். அந்த உலகங்களில் கடவுள் உண்டா இல்லையா என்று யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. பூசாரி கையை வைத்தால் வெட்டுக்காயம் மூடுகிறது, அதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆக, நம்பிக்கை என்பதற்கு அங்கே வேறு வேலை இருந்தாக வேண்டும். அந்த வேலையைக் கண்டுபிடித்துக் கொடுத்த உலகங்கள் சில. மற்றவற்றில் கடவுள் என்பது மந்திரப் பட்டியலுக்கு ஒட்டிய முகப்புச் சீட்டு.

இதற்கு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. கிளெரிக் என்ற வகையே பக்தியிலிருந்து பிறந்ததில்லை. 1970களின் தொடக்கத்தில் டேவ் ஆர்னசன் நடத்திய பிளாக்மூர் ஆட்டத்தில் சர் ஃபேங் என்றொரு இரத்தக்காட்டேரிக் கேரக்டர் அடக்க முடியாதபடி வளர்ந்துவிட்டது. அதை எதிர்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. சினிமாவில் வரும் காட்டேரி வேட்டைக்காரர் சாயலில் கிளெரிக் வந்தார். எந்தச் சாமியின் பூசாரி என்பதெல்லாம் அப்புறம் யோசித்துக்கொண்ட விஷயம். ஆர்னசனும் கேரி கைகாக்ஸும் 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது கிளெரிக் இருந்தார், அவருக்குச் சாமி இல்லை. கடவுளர்களுக்கான துணைநூல் இரண்டு வருடம் கழித்து, 1976இல்தான் வந்தது.

1980இல் அதன் பெரிய வடிவமாக வந்த ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ புத்தகம் இன்றைக்கும் எனக்கு வியப்புதான். கிரேக்கம், நார்ஸ், எகிப்து என்று பல நாட்டுத் தொன்மங்கள் வரிசையாக இருக்கின்றன. இந்தியப் பகுதியும் உண்டு. இந்திரன், அக்கினி, யமன், விஷ்ணு எல்லோரும் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் கவச எண், நகரும் வேகம், எத்தனை முறை தாக்குவார், எத்தனை ஹிட் பாயின்ட் (உயிர் எண்) என்று அரக்கர்களுக்குப் போடுவது போலவே அட்டவணை. தொன்மங்களின் தலைமைத் தெய்வங்களுக்கு 400 ஹிட் பாயின்ட். எண் என்று ஒன்றைப் போட்டுவிட்டால் அதைப் பூஜ்யமாக்கிப் பார்க்கலாம் என்றுதான் எந்த ஆட்டக்காரனும் நினைப்பான். நினைத்தார்கள். கடவுளை வேட்டையாடின குழுக்களின் கதைகள் அந்தக் காலத்து ஆட்டக்காரர்களிடம் ஏராளம். ஆனால் அந்தச் சாமிகளை எப்படிக் கும்பிடுவது, எது தீட்டு, எது காணிக்கை, எந்த நாளில் கோயில் திறக்கும் என்பதற்கு அந்த அட்டவணைகளில் இருந்த இடம் மிகக் குறைவு.

அடுத்து ஃபர்காட்டன் ரெல்ம்ஸ். 1987இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கான விளையாட்டு உலகமாக வெளிவந்தது. பால்டர்ஸ் கேட் கணினி ஆட்டம் ஆடியவர்களுக்கு இதுதான் அந்த உலகம். இங்கே சாமிகளுக்குப் பஞ்சமே இல்லை, தடுக்கி விழுந்தால் ஒரு சாமி. அவர்கள் சாவதற்கும் பஞ்சமில்லை. இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. 1989இல் விதிகளின் இரண்டாம் பதிப்பு வந்தபோது அசாசின் என்ற கொலையாளி வகையை நீக்கிவிட்டார்கள். அந்த உலகத்தில் ஏற்கனவே உலவிக்கொண்டிருந்த அசாசின்களை என்ன செய்வது? ‘இடர்க்காலம்’ என்று ஒரு தெய்வீகப் பேரழிவைக் கதையாக நடத்தினார்கள். தலைவிதிப் பலகைகள் திருடுபோகின்றன. எல்லாத் தெய்வங்களுக்கும் மேலான ஏயோ கோபம்கொண்டு சாமிகளை மனித உடலில் தரைக்குத் தள்ளுகிறார். அந்தக் களேபரத்தில் அசாசின்கள் கூட்டமாகச் செத்துப்போகிறார்கள், பால் (Bhaal) என்ற கொலைக்கடவுளும் சாகிறார். 2008இல் நான்காம் பதிப்பில் மந்திர விதிகள் தலைகீழாக மாறியபோது, மந்திரத்தின் தெய்வமான மிஸ்ட்ராவைக் கொன்றார்கள். விதிப்புத்தகத்தில் ஒரு பக்கம் மாறினால் மேலுலகத்தில் ஒரு கொலை விழுகிறது. அச்சகம்தான் அந்த உலகத்தின் உண்மையான ஊழ்வினை.

இடர்க்காலம் முடிந்ததும் ஏயோ ஒரு புது ஏற்பாடு செய்கிறார்: இனிமேல் தெய்வத்தின் வலிமை அதைக் கும்பிடுகிறவர்களைப் பொறுத்தது. பக்தர்களைக் கைவிட்ட தெய்வங்களுக்கான தண்டனை இது. அங்கிருந்து பார்த்தால் ஒவ்வொரு சாமியும் தேர்தலில் நிற்கிற ஆள்தான். இது நல்ல கதைக்கரு. ஆனால் அதே உலகத்தில் முன்பே கட்டிவைத்த ஒரு சுவர் இருக்கிறது. எந்தத் தெய்வத்தையும் கும்பிடாமல் செத்தவர்களின் உயிர்களை அதில் பதித்துவிடுவார்கள். அவை மெல்ல மெல்லக் கரைந்து இல்லாமல் போகும். நல்லவராக வாழ்ந்திருந்தாலும் கணக்கு ஒன்றுதான். பழைய மரணக்கடவுள் மிர்குல் கட்டிய சுவர் அது. பின்னால் அந்தப் பதவிக்கு வந்த கெலம்வோர் நேர்மையானவர் என்று பெயர் எடுத்தும் அதைக் கடைசியில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

2007இல் வந்த ‘மாஸ்க் ஆஃப் த பிட்ரேயர்’ இந்தச் சுவரை நேராகப் பார்த்த விளையாட்டு. நெவர்விண்டர் நைட்ஸ் 2 கணினி ஆட்டத்தின் தொடர்ச்சி அது. மிர்குலின் பூசாரி ஒருவர், சுவரில் பதிக்கப்பட்ட தன் காதலிக்காகத் தன் சாமி மீதே படையெடுத்துப் போன கதை அதன் அடியில் ஓடுகிறது. நாம் ஆடும் கேரக்டர் அந்தப் படையெடுப்பின் சாபத்தைச் சுமந்துகொண்டு அலைகிறது. கடைசியில் படையில் சேர்ந்து சுவர் வரைக்கும் போகலாம். உடைக்க முடியாது. முதன்முறை ஆடியபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை தூரம் கூட்டிவந்துவிட்டு உடைக்க விடவில்லையே என்று. ஆனால் வேறு எந்த விளையாட்டும் என்னை ஒரு கடவுளின் மேல் அறச்சீற்றம் கொள்ள வைத்ததில்லை. அரக்கனை அடிக்கும்போது வருகிற கோபம் வேறு; இது ‘நீ கடவுள், உனக்கு இது அடுக்குமா’ என்ற கோபம். கடவுள் இருப்பது நூறு சதவீதம் உறுதியான உலகத்தில் மிஞ்சுகிற கேள்வி, அவர் கும்பிடத் தகுந்தவரா என்பதுதான். பிற்பாடு வெளியீட்டாளர்கள் ஓர் அதிகாரபூர்வத் திருத்தத்தில் சுவரைப் பற்றிய பத்தியையே எடுத்துவிட்டார்கள். சங்கடம் போயிற்று, நல்ல கதை ஒன்றும் போயிற்று.

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு கதையாட்டத்தின் உலகத்தில் ரஹாதூம் என்ற நாடு எல்லாச் சாமிகளையும் சட்டம் போட்டு வெளியேற்றிவிடுகிறது. சாமிகள் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை, வேண்டாம் என்கிறார்கள். அதே உலகத்தில் கேடன் கைலியன் என்பவர் குடிபோதையில் பந்தயம் கட்டி நட்சத்திரக்கல் சோதனைக்குள் நுழைந்து, கடவுளாக வெளியே வருகிறார். உள்ளே என்ன நடந்தது என்று அவருக்கே நினைவில்லை. இவ்வளவு நல்ல சரக்கை வைத்துக்கொண்டு பெரும்பாலான குழுக்கள் கேடனைக் குடிகாரச் சாமி என்ற ஒரே நகைச்சுவையோடு முடித்துவிடுகின்றன. அவருடைய பூசாரி ஒருவர் ‘நான் கும்பிடுகிற ஆளுக்கே தான் எப்படிக் கடவுளானோம் என்று தெரியாது’ என்று இரவெல்லாம் புரண்டு படுத்தால் எப்படியிருக்கும்?

சரி, மதத்தை மதமாகச் செய்தவர் யார் என்று கேட்டால் நான் முதலில் சொல்கிற பெயர் கிரெக் ஸ்டாஃபோர்ட். குளோராந்தா என்ற உலகம் அவருடைய ஆயுள் வேலை. 1978இல் அந்த உலகத்தில் ஆடுவதற்கான ரூன்குவெஸ்ட் விதிப்புத்தகமும், அடுத்த வருடம் ‘கல்ட்ஸ் ஆஃப் ப்ராக்ஸ்’ என்ற வழிபாட்டுநூலும் வந்தன. இங்கே பூசாரி என்று தனி வேட வகை இல்லை. எல்லோருமே ஏதோ ஒரு தெய்வத்தைச் சேர்ந்தவர்கள். சும்மா வந்து கும்பிட்டுவிட்டுப் போகலாம். தீட்சை வாங்கினால் உன் நேரத்திலும் வருமானத்திலும் பத்தில் ஒரு பங்கு கோயிலுக்கு. அதற்கு மேலே ஏறிப் பூசாரி ஆனால் பத்தில் ஒன்பது பங்கு. தெய்வீக மந்திரம் வேண்டுமானால் உன் ஆன்ம வலிமையிலிருந்து ஒரு புள்ளியைக் கொடுக்க வேண்டும், அது தானாகத் திரும்பி வராது. மரணத்தின் தெய்வமான ஹுமக்த் உன் வாளுக்கு வரம் தருவார், கூடவே இன்னதை உண்ணேன், இன்ன நாளில் இன்னதைச் செய்யேன் என்ற வகையில் ஒரு விரதமும் ஒட்டிக்கொண்டு வரும். செத்தால் உயிர்ப்பிக்கக் கேட்கக் கூடாது. மரணத்தைக் கும்பிட்டுவிட்டு மரணத்துக்கே தப்பிப்பது எப்படி நியாயம்? இந்த ஒரு விதி போதும், ஹுமக்தின் வீரன் ஒவ்வொரு சண்டையையும் வேறு மாதிரி ஆடுவான்.

குளோராந்தாவின் பெரிய கதையில் புயல்தெய்வம் ஒர்லாந்த், சூரியப் பேரரசன் யெல்மைக் கொல்கிறான். உலகம் இருண்டு போகிறது. பிறகு தான் செய்ததைச் சரிசெய்யத் துணைகளோடு பாதாளத்துக்குப் போய் யெல்மை மீட்டுவருகிறான். ஒர்லாந்தின் மக்களுக்கு இது பொறுப்பேற்கும் வீரனின் கதை. யெல்மின் மக்களிடம் போய்க் கேட்டால் இது ஒரு கலகக்காரனின் குற்றப்பத்திரிகை. இரண்டு பேருக்கும் மந்திரம் பலிக்கிறது. ஒருவர் சொல்வது பொய் என்று புத்தகம் தீர்ப்பு எழுதுவதில்லை. எல்லோருடைய கதைகளையும் அலசி ஆராய்ந்து, தெய்வங்களை இயந்திரம்போல் கழற்றி மாட்டலாம் என்று கிளம்பிய காட் லேர்னர்கள் என்ற கூட்டம் ஒன்று அந்த உலகத்தின் பழங்கதையில் வருகிறது. அவர்கள் இரண்டு நாடுகளின் விளைச்சல் தேவதைகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் விளைச்சல் தேவதைதானே, என்ன ஆகிவிடும் என்று கணக்கு. நாளாக ஆகப் பயிர் கெட்டது.

1999இல் வந்த ‘கிங் ஆஃப் டிராகன் பாஸ்’ கணினி ஆட்டம் இதையெல்லாம் விரல்நுனிக்குக் கொண்டுவந்தது. ஒரு குலத்தின் தலைமையில் நாம் இருக்கிறோம். செல்வம் என்றால் மாடு. தெய்வத்துக்குப் பலி கொடுப்பதும் மாடு. அறுவடை கெட்டால் விளைச்சல் தெய்வத்துக்கு எத்தனை மாடு கொடுப்பது, பகைக்குலத்தைச் சமாதானப்படுத்த எத்தனை மாடு மிச்சம் வைப்பது என்று மண்டை காயும். பெரிய நெருக்கடியில் குலத்திலிருந்து ஒருவரைத் தெய்வத்தின் கதைக்குள்ளேயே அனுப்பலாம். அவர் அந்தத் தெய்வமாக நின்று, தெய்வம் அன்று செய்ததை மறுபடி செய்ய வேண்டும். வழியில் கிழவி எதிர்ப்பட்டால் வணங்குவதா, விரட்டுவதா? கதையைக் கவனமாகப் படித்து நினைவில் வைத்திருந்தால்தான் தெரியும். தப்பாகச் செய்தால் காயத்தோடு திரும்புவார், அல்லது திரும்பவே மாட்டார். புராணம் படிக்காமல் பொத்தானைத் தட்டிப் பழகிய என்னைப் போன்றவர்களை உட்கார்ந்து புராணம் படிக்க வைத்த விளையாட்டு வேறெதுவும் இல்லை.

இன்னொரு பக்கம், சாமி உண்டா என்ற சந்தேகத்தைத் திரும்பக் கொண்டுவந்த உலகங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காகக் கீத் பேக்கர் உருவாக்கிய எபரான், 2004. அங்கே தெய்வங்கள் யார் முன்னாலும் வந்து நிற்பதில்லை. கிளெரிக்குகளுக்கு மந்திரம் பலிக்கிறது, ஆனால் அது சாமியிடமிருந்து வருகிறதா, நம்பிக்கையின் உறுதியிலிருந்தே வருகிறதா என்பது திறந்த கேள்வி. இதன் விளைவு சுவாரசியமானது. தன் சாமிக்கு விரோதமாக நடக்கிற, லஞ்சம் வாங்குகிற மதகுருவுக்கும் மந்திரம் நிற்காது. மற்ற உலகங்களில் பூசாரி கெட்டுப்போனால் சாமியே சக்தியைப் பிடுங்கிக்கொள்ளும், வழக்கு முடிந்தது. எபரானில் அவர் கை வைத்தால் காய்ச்சல் குணமாகிக்கொண்டேதான் இருக்கும். அவர் கெட்டவர் என்று ஊரை எப்படி நம்பவைப்பாய்? என்னுடைய ஆட்டங்களுக்கு நான் திருடிய முதல் விதி இதுதான்.

2015இல் வந்த ‘பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி’ கணினி ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முடிவைச் சொல்லியாக வேண்டும். ஆடப்போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். பழைய எங்வித்திய நாகரிகம் உண்மையான கடவுளைத் தேடித் தேடி, அப்படி யாருமே இல்லை என்று கண்டுகொள்கிறது. மக்கள் இதைத் தாங்கமாட்டார்கள் என்று பயந்து, எண்ணற்ற உயிர்களைக் கொட்டித் தெய்வங்களை அவர்களே செய்துவைக்கிறார்கள். ரகசியத்தைக் காக்கிற தாவோஸ் பிறவி பிறவியாகக் கொலை செய்துகொண்டு போகிறான். அவன் வில்லன்தான். ஆனால் கடைசியில் அவன் பேசும்போது சட்டென்று பதில் சொல்ல முடியாது. செய்த சாமி என்றாலும் அது பேசுகிறது, கேட்கிறது, வரம் தருகிறது. அப்புறம் என்ன குறை என்று கேட்டால் என்ன சொல்வது? நான் அந்த உரையாடலில் ஒவ்வொரு பதிலையும் அழுத்திப் பார்த்தேன், ஒன்றும் திருப்தியாக இல்லை.

மாரோவிண்ட் கணினி ஆட்டத்தை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் 2002இல் வந்தது. விவெக், அல்மலெக்சியா, சோத்தா சில் என்று மூன்று வாழும் தெய்வங்கள். ஒரு காலத்தில் மனிதர்களைப் போலச் சாகக்கூடியவர்களாக இருந்தவர்கள், லோர்கான் என்ற பழந்தெய்வத்தின் இதயத்திலிருந்து சக்தி எடுத்துக் கடவுளானவர்கள். அந்தச் சக்தி எப்படிக் கிடைத்தது, பழைய தலைவன் நெரவாரை அவர்களே கொன்றார்களா என்பதற்குக் கோயில் ஒரு கதை சொல்கிறது, கோயிலை எதிர்க்கும் துறவிகள் ஒரு கதை சொல்கிறார்கள், பாலைநிலத்துப் பழங்குடிகள் இன்னொன்று. விவெக்கையே நேரில் பார்த்துக் கேட்கலாம், அவரும் ஒன்று சொல்வார். தீர்ப்பு கிடையாது.

ஆனால் எனக்கு இந்த மர்மத்தைவிடப் பெரிதாகத் தோன்றுவது கோயிலில் சேர்ந்தவுடன் கிடைக்கும் முதல் வேலை. யாரையும் கொன்றுவரச் சொல்வதில்லை. ஏழு தலங்களுக்கு யாத்திரை போ என்கிறார்கள். கும்மு வயல் என்று ஒரு தலம். ஏழைக் குடியானவன் ஒருவனின் சுமை விலங்கு செத்துப்போனதும், விவெக் தன் பட்டாடையைக் களைந்துவிட்டுத் தானே மாடாய் உழைத்து அறுவடையை முடித்துக்கொடுத்த இடம். அங்கே வைக்க வேண்டிய காணிக்கை தங்கம் இல்லை, வயலில் விளைகிற ஒரு பிடி மக். சேறு மாதிரியான சமாசாரம். விவெக் நகரத்தில் அவருடைய அரண்மனைக்கு அடியில் நீர்ப்புதிர் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் ஒரு வாசகம் அவருடைய மகிமையின் நீரை மூச்சாக உள்ளிழுக்கச் சொல்லும். எத்தனையோ மணிநேரம் மூழ்காமல் தப்பிக்கக் கற்றுக்கொண்ட ஆட்டக்காரன் இங்கே நீருக்கடியில் சும்மா நிற்க வேண்டும். மூச்சு முடிகிறது, உயிர்க்கோடு குறைகிறது, விரல் மேலே நீந்தும் பொத்தானுக்குப் போகிறது. போகாமல் நின்றால் வழி திறக்கும். உள்ளே ஒரு ட்ரெமோரா அசுரன் ஆயுதம் இல்லாமல் நிற்பான். அடிக்கக் கூடாது. விவெக் தன் எதிரிக்குச் செய்ததுபோல வெள்ளி நீள்வாளை அவன் கையில் கொடுக்க வேண்டும். விளையாட்டு இதுவரை சொல்லிக்கொடுத்த பழக்கங்கள் இரண்டையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறது. பக்திக்கு இதைவிடத் துல்லியமான ஆட்டவிதியை நான் பார்க்கவில்லை.

முக்கியக் கதையின் முடிவில் லோர்கானின் இதயத்தை நாமே அழிக்கிறோம். அத்தோடு விவெக்கின் தெய்வ சக்தி போயிற்று, அதை அவரே ஒத்துக்கொள்கிறார். விருப்பமிருந்தால் அவரைக் கொல்லவும் முடியும். நான் ஒரு முறை செய்தும் பார்த்தேன். திரும்பி வழியில் இருந்த கோயிலுக்குள் போனேன். பூசாரி வழக்கம்போலப் பேசினார். சன்னதியில் காணிக்கை போட்டேன், காட்டில் தொற்றிக்கொண்ட நோய் குணமானது. நிரல் எழுதியவர்கள் கவனிக்காமல் விட்ட ஓட்டை என்று ஒரு நண்பன் அடித்துச் சொல்கிறான். இருக்கலாம். எங்கள் ஆற்று அம்மனுக்கு அடுத்த அமர்வில் ஒரு கோயில் கட்டப் போகிறார்கள், அதன் பூசாரியாக யாரை வைப்பது என்று எனக்கு இப்போது ஒரு யோசனை இருக்கிறது. நல்ல ஆள் இல்லை. கை வைத்தால் காயம் ஆறும்.